கொணவட்டத்து பாய் செய்த ஹீட் எக்ஸ்சேஞ்சரும் வயலட் கூலன்ட்டும்

இருபத்திரண்டாயிரம் ரூபாய். வேலூர் கொணவட்டம் பக்கம், பெங்களூர் ரோட்டோரம் லாரி ரேடியேட்டர் பார்க்கிற ஒரு பாய் கடையில் ஆடி எஸ்4 காருக்கு இன்டர்கூலர் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றை ஆற்றுகிற தண்ணீருக்கான சின்ன ரேடியேட்டர், செய்து மாட்டிய செலவு இது. கோர் (குழாயும் ஃபின் எனும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி), டேங்க், ஆர்கான் வெல்டிங், பிராக்கெட், கூலி எல்லாம் சேர்த்து. இதே இன்ஜினுக்கு 034 மோட்டார்ஸ்போர்ட், ஏடபிள்யூஇ, ஏபிஆர் என்று அமெரிக்கக் கம்பெனிகள் தனித்தனியாகச் செய்து விற்கின்றன. கப்பல் கூலி, கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி என்று கூட்டிப் பார்த்ததும் மகன் லேப்டாப்பை மூடிவிட்டான்.

கார் அவனுடையது. பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் எடுத்தான். ஓட்டுவது அவன், பார்த்துக்கொள்வது நான். ராணிப்பேட்டை பெல்லில் (BHEL) பாய்லருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டரோடு காலம் தள்ளி ரிட்டயர் ஆனவன் நான். சூடு எங்கிருந்து எங்கே போகிறது என்று யாராவது பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும். அதனால் இந்த ரிவ்யூவில் கடையைப் பற்றி வருவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் எஸ்4-ல் இருப்பது 3.0 டிஎஃப்எஸ்ஐ வி6, 333 குதிரைத் திறன். இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் காற்றை நெருக்கி இன்ஜினுக்குள் தள்ளும் ஈட்டன் கம்பெனியின் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள்ளேயே, நெருக்கியதில் சூடான காற்றை ஆற்ற, தண்ணீரால் குளிரும் இரண்டு இன்டர்கூலர்கள். அந்தத் தண்ணீரை ஒரு சின்ன மின்சார பம்ப் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குக் கொண்டுபோய் ஆற்றித் திருப்பி அனுப்புகிறது. ஆக காற்றின் சூடு தண்ணீருக்கு, தண்ணீரின் சூடு திரும்ப வெளிக்காற்றுக்கு. இரண்டு கைமாற்றம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் கமிஷன் போகும்.

இப்போது கத்திரி வெயில் மத்தியானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 42 டிகிரி. அதைச் சூப்பர்சார்ஜர் வெளிக்காற்றைவிட 0.8 பார் கூடுதல் அழுத்தத்துக்கு நெருக்கினால் காற்று 125 டிகிரியைத் தாண்டிவிடும். முழு மிதியில் இந்த இன்ஜின் நொடிக்குக் கால் கிலோ காற்று இழுக்கும். அதை 60 டிகிரிக்கு இறக்க வேண்டுமென்றால் 17 கிலோவாட் சூட்டை எடுத்து வெளியே தள்ள வேண்டும். வீட்டில் இருக்கிற 2 கிலோவாட் கெய்சர் எட்டை ஒரே நேரத்தில் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. எந்த எக்ஸ்சேஞ்சர் போட்டாலும், யார் செய்தாலும், தண்ணீர் அந்த 42-க்குக் கீழே இறங்காது. பெங்களூரில் 28 டிகிரியில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு "அவனுக்கு இவ்வளவு பவர் வருதே" என்று வேலூரில் ஏங்குவதில் அர்த்தமில்லை. 14 டிகிரி அங்கேயே போய்விட்டது.

சூடு ஏறினால் என்ன நஷ்டம்? காற்றின் அடர்த்தி குறையும் என்பது ஒன்று. பெரிய நஷ்டம் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிப்பது. உள்ளே போகும் காற்று சூடானால் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ, தீப்பொறி விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னுக்கு இழுத்துவிடும், வண்டி மந்தமாகும். நம் ஊர் சாதா பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆக்டேனாகத்தான் இருந்தது. இந்தக் காருக்கு அது ஆகவே ஆகாது, 95 போட்டே ஆக வேண்டும். 95 போட்டும், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஆம்பூர் பக்கம் இரண்டு லாரியை ஓவர்டேக் செய்தால் மூன்றாவது லாரிக்கு மகன் முகம் சுளிப்பான். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேன் டூலில் பார்த்தால், இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு சாதாரண ஓட்டத்தில் 57, மிதித்தால் 80 தொட்டு, அங்கேயே நிற்கும். ஏறுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. இறங்க மறுத்ததுதான் என்னை உறுத்தியது.

இறங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பம்ப். எல்லாரும் நேராக எக்ஸ்சேஞ்சர் வாங்கப் போகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும், பம்பர் ஓட்டை வழியாகப் பளபளக்கும். பாய் கடையில் ஓஸைக் கழற்றி பக்கெட்டில் விட்டு, ஸ்கேன் டூலில் பம்பை மட்டும் ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 9 லிட்டர். இந்த ஓட்டத்தில் 17 கிலோவாட் சூடு விழுந்தால் தண்ணீர் ஒரே சுற்றில் 30 டிகிரி ஏறிவிடும். இன்டர்கூலருக்குள் நுழையும்போது 50, வெளியே வரும்போது 80. பின்பாதி இன்டர்கூலர் என்ன வேலை செய்யும்? அதே மாடல் புது பம்ப் மாட்டியதும் 14 லிட்டர் வந்தது. ஏற்றம் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னும் வேண்டுமென்றால் பியர்பர்க் சிடபிள்யூஏ 100 போன்ற பெரிய பம்ப் போடலாம், வெளிநாட்டில் நிறையப் பேர் போடுகிறார்கள். அதற்குத் தனி வயரிங், தனி கன்ட்ரோல் எல்லாம் வேண்டும். ஊருக்குள் பால் வாங்கப் போகிற காருக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

சரி, கடைக்கு வருகிறேன்.

பாய்க்கு அறுபது வயது இருக்கும். லேலண்டு லாரிகளின் இன்டர்கூலரைப் பிரித்து வெல்டிங் அடிப்பதுதான் தினசரி வேலை. முதலில் படத்தைக் காட்டியதும், "இன்னா சார் இது, நம்ம லாரி இன்டர்கூலருல காத்து உள்ள போவும், இதுல தண்ணி போவுது?" என்றார். விளக்கியதும் பளிச்சென்று பிடித்துக்கொண்டார். "அப்ப இது சின்ன ரேடியேட்டரு. அவ்ளோதான?" அவ்வளவுதான்.

நான் கையோடு இன்னொன்றும் கொண்டுபோயிருந்தேன். ஆன்லைனில் ஒருவர் விற்ற, எந்தக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லப்பட்ட பார்-அண்ட்-ப்ளேட் எக்ஸ்சேஞ்சர். திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும்போதே சோதித்துவிடலாம் என்று எடுத்துப் போனேன். பாய் ஒரு வாயை ரப்பர் கார்க்கால் அடைத்து, மறுவாயில் காற்று ஓஸை மாட்டி, 2 பார் ஏற்றித் தொட்டித் தண்ணீருக்குள் முக்கினார். தொட்டியில் எப்போதும் ஒரு பச்சைக் கலங்கல். அதற்குள் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை, விரலால் வெல்டிங் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். இடது மேல்மூலையில் விரல் நின்றது. "இங்க வருது பாருங்க." விரலை எடுத்ததும் கடுகு மாதிரி குமிழி, ஒன்றன் பின் ஒன்றாக. பிறகு அதை வெளியே எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே இருந்து அலுமினியத் துணுக்குகள் நாலைந்து சிமெண்ட் தரையில் விழுந்தன. அதில் ஒன்று பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் மாட்டினால் போதும், கதை முடிந்தது. அன்றைக்கே பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினேன். பணம் வந்துவிட்டது.

கோர் தேர்வில் எனக்கும் பாய்க்கும் நல்ல வாக்குவாதம். அவர் மூன்று இன்ச் தடிமன் போடலாம் என்றார். "பெருசா போட்டா நல்லா கூலாவும் சார், வெல வித்தியாசம் ஒண்ணும் பெருசு இல்ல." லாரி அனுபவம் அப்படித்தான் பேசும். காரில் இதற்குப் பின்னாலேயே ஏசி கண்டென்சர், அதற்கும் பின்னால் இன்ஜின் ரேடியேட்டர். முன்னால் நிற்பவன் பருமனாக இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் காற்றும் குறையும், வருகிற காற்றும் சூடாக வரும். தடிமன் எவ்வளவு ஏறினாலும் ஃபின்னுக்குள் நுழைந்த காற்று முதல் ஒன்றரை இன்சிலேயே பெரும்பாலான சூட்டை வாங்கிவிடுகிறது. மிச்சத் தடிமனில் காற்றுக்கும் தண்ணீருக்கும் சூட்டு வித்தியாசம் அதிகமில்லை, காற்றைத் தடுப்பது மட்டும்தான் மிச்சம். மே மாதம் வேலூரில் ஏசி மந்தமானால் இன்ஜின் பவரைப் பற்றி வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். என் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து சொல்வதைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அதனால் தடிமன் ஒன்றரை இன்ச், அகலமும் உயரமும் பம்பருக்குப் பின்னால் கிடைத்த இடம் முழுக்க. பார்-அண்ட்-ப்ளேட் (தடித்த கட்டையும் தகடும் அடுக்கியது) வேண்டாம், ட்யூப்-அண்ட்-ஃபின் (மெல்லிய குழாயும் ஃபின்னும்) வேண்டும் என்றும் கேட்டேன். பார்-அண்ட்-ப்ளேட் கல் அடிக்குத் தாங்கும், ஆனால் எடை கூட, முகப்பில் காற்றை மறிக்கும் கட்டையும் கூட. எனக்குக் காற்று போக வேண்டும். பாய் சென்னை ஜிபி ரோட்டில் தனக்குத் தெரிந்த கடையில் சொல்லி கோரை வரவழைத்தார்.

அடுத்தது ஒற்றைப் பாதையா, இரட்டைப் பாதையா. தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் ஒற்றை. டேங்க் நடுவே தடுப்பு வைத்து மேல்பாதியில் போய் கீழ்பாதியில் திரும்பி வந்தால் இரட்டை. இரட்டையில் குழாய்க்குள் தண்ணீர் வேகம் கூடும், சூடு இறங்குவது நன்றாக இருக்கும், பம்புக்குச் சுமையும் கூடும். பம்ப் பலவீனமாக இருக்கும் காரில் இரட்டைப் பாதை போடுவது வீண். நாங்கள் இரட்டை போட்டோம், மாட்டிய பிறகு மறுபடி பக்கெட் வைத்துப் பார்த்தோம். 14 இருந்தது 12-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஒத்துக்கொள்ளக்கூடிய நஷ்டம்.

வெல்டிங் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சீரான வெல்டிங் வரி, ஒரே அகலம், மூலையில்கூட அவசரமில்லை. முடித்ததும் சுடு தண்ணீர் விட்டுப் பலமுறை உள்ளே அலசி, வெளியேறும் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காட்டினார். நான் கேட்கவே இல்லை. பெயின்ட் விஷயத்தில்தான் கொஞ்சம் சண்டை. அவர் கடையில் எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்துவிடுவார்கள், அதுவும் ஃபின் அடைக்கிற அளவுக்கு. மெல்லிசாக ஒரே கோட் போதும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

பைசா செலவில்லாமல் கிடைத்த பலன் இன்னொன்று. எக்ஸ்சேஞ்சரைச் சுற்றி இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியே போகாது, சுலபமான இடுக்கைத் தேடிச் சுற்றிப் போய்விடும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான், செருப்பு அடியில் வைக்கும் ஈவிஏ ஃபோம் ஷீட்டில் வெட்டியது போக மீந்த துண்டுகளைக் கொடுத்தான். அதைப் பட்டையாக வெட்டி நாலு பக்கமும் ஒட்டினோம். இந்த இடத்தில் பெரிய சூடு படாததால் ஷீட் இளகவில்லை.

கூலன்ட். இதில்தான் இணையத்தில் அதிகக் குழப்பம். "வெறும் டிஸ்டில்ட் வாட்டரும் வெட்டிங் ஏஜென்ட்டும் (தண்ணீர் சூடான சுவரில் நன்றாக ஒட்ட உதவும் திரவம்) போடு, கிளைக்கால் (உறையாமலும் சீக்கிரம் கொதிக்காமலும் காக்கும் கூலன்ட் திரவம்) வேண்டாம்" என்று ஒரு கூட்டம் சொல்லும். அதில் உண்மை இருக்கிறது. தண்ணீர் கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற 4.18 கிலோஜூல் சூடு வாங்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் 3.4-ஐ ஒட்டி நிற்கும். பிசுபிசுப்பும் 40 டிகிரியில் மூன்று மடங்குக்கு மேல், அதாவது பம்ப் அதே வேலைக்குக் குறைவாகத்தான் தள்ளும். வேலூரில் தண்ணீர் உறையப் போவதில்லை. இன்டர்கூலர் சுற்றில் கொதிக்கவும் போவதில்லை. பிறகு கிளைக்கால் எதற்கு?

பதில் டேங்கில் இருக்கிறது. ஷெல்பி ஜிடி500 போன்ற கார்களில் இன்டர்கூலர் தண்ணீருக்குத் தனி டேங்க். அங்கே அந்த யோசனை செல்லும், அலுமினியத்துக்குத் துருத் தடுப்பான் மட்டும் கலந்தால் சரி. எஸ்4-ல் இன்டர்கூலர் சுற்றும் இன்ஜின் சுற்றும் ஒரே எக்ஸ்பான்ஷன் டேங்கில் சேர்கின்றன. இங்கே ஊற்றுவது அங்கேயும் போகும். இன்ஜின் பக்கம் 100 டிகிரியை ஒட்டி ஓடுகிறது, அங்கே கொதிநிலை முக்கியம், துருத் தடுப்பு அதைவிட முக்கியம். ஆடியின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வாகன் குழுமம் குறைந்தபட்சம் 40 சதவீதம் கூலன்ட் இருக்க வேண்டும் என்கிறது. நான் அந்த 40-லேயே நின்றேன், 60 டிஸ்டில்ட் வாட்டர். இதற்கு மைனஸ் 25 டிகிரி வரை உறையாத பாதுகாப்பு உண்டாம். வேலூருக்கு ரொம்ப அவசியம்.

வெட்டிங் ஏஜென்ட் வேலை செய்யும் இடம் சிலிண்டர் ஹெட்டின் சூடான சுவர், அங்கே ஒட்டுகிற நீராவிக் குமிழியைக் கழற்றிவிடும். 50, 60 டிகிரியில் ஓடும் இன்டர்கூலர் சுற்றில் குமிழியே கிடையாது. பாட்டில் விற்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். தண்ணீரே கலக்காத கூலன்ட் என்று விற்கிறார்களே, அது இந்த வேலைக்குப் படு மோசம். சூடு வாங்கும் திறன் குறைவு, பிசுபிசுப்பு அதிகம்.

போட்டது ஃபோக்ஸ்வாகனின் ஜி12 ஈவோ கூலன்ட், வயலட் நிறம். பழைய ஜி12++, ஜி13 மேல் ஊற்றினாலும் சேரும். ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், டப்பாவில் ஃபோக்ஸ்வாகன் டிஎல் 774 (TL 774) எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் காரை முன்பு பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் யாரோ பச்சைக் கூலன்ட்டை டாப்-அப் செய்திருக்கிறார்கள். டேங்க் மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் சேறு. அதை அலசி எடுக்கவே ஒரு நாள் போனது. போர் தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். எங்கள் சத்துவாச்சாரி போர் தண்ணீரில் பாத்ரூம் ஷவர் ஓட்டை உப்பு அடைக்காமல் எத்தனை மாதம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். எக்ஸ்சேஞ்சரின் குழாய் அந்த ஓட்டையைவிடப் பெரிதில்லை. வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கிக்கொண்டு போங்கள், பாய் கடையில் கிடைக்காது, அவர் பைப்பைத் திறந்துவிடுவார்.

நிரப்பும்போது காற்றெடுப்பது பெரிய வேலை. சூப்பர்சார்ஜர் உயரத்தில் இருப்பதால் காற்று அங்கே போய் மாட்டிக்கொள்ளும். மகன் வாக்யூம் ஃபில்லர் வாங்கி வந்தான். முழுச் சுற்றையும் வெற்றிடமாக்கிவிட்டுக் கூலன்ட்டை உறிஞ்ச விட்டோம். அது இல்லாமல் செய்தால் பம்ப் கொரகொரவென்று சத்தம் போடும், பக்கெட் கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

பலன்? அதே ஆம்பூர் ரோடு, வெளியே 41. ஓட்டத்தில் 50, 51. மிதித்தால் 66 வரை போய், காலை எடுத்தால் கண்ணெதிரில் இறங்குகிறது. ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பார்த்தோம். அங்கே வேகம் குறைவு, முன்னால் காற்று இல்லை, இரண்டாம் கியரில் இழுவை. எந்த எக்ஸ்சேஞ்சருக்கும் அதுதான் பரீட்சை. முன்பு உச்சிக்குப் போகுமுன் 80 தாண்டும். இப்போது 70-ஐத் தொடவில்லை. ஏசி பழையபடியே குளிர்கிறது. இதில் பாதிப் புண்ணியம் பம்புக்கு என்று நான் சொல்வேன், மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

போலோ டிஎஸ்ஐ, டைகுன், குஷாக் 1.0 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டர்போ இன்ஜினிலும் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர்தான், இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சர் மாற்றும் ஆசை வேண்டாம். கூலன்ட் எண் சரியா, மின் பம்ப் ஓடுகிறதா, முன்பக்க ஃபின்னில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

பாய் கடையில் குறை இல்லாமல் இல்லை. செவ்வாய் என்று சொன்னது சனிக்கிழமை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போனால் மூன்று மணிக்கு மேல்தான் ஷட்டர் திறக்கும். ஜிஎஸ்டி பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். வண்டி நிறுத்த நிழலே கிடையாது. போல்ட்டை முறுக்குவதில் லாரிக் கை, பிளாஸ்டிக் பாகங்களை அவரிடம் விடாதீர்கள், பம்பரை நீங்களே கழற்றி மாட்டுங்கள். வலது பக்க பிராக்கெட் 2,000 ஆர்பிஎம்மில் லேசாக அதிர்கிறது. போன் செய்தேன், "ரப்பர் புஷ் வெச்சா சரியாப் பூடும், எடுத்துனு வாங்க சார், காசு வேணாம்" என்றார். அடுத்த வாரம் மகன் வரும்போது போக வேண்டும்.